‘முன்பு’ என்று எழுதிய படம்

இதை எழுதுகிறவன் அந்த அக்காவை முதன்முதலில் பார்த்தது ஒரு பேருந்து நிறுத்தத்தின் விளம்பரத் தட்டியில். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற பெருமையோடு, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நகரத்தில் வந்திறங்கிய காலை அது. தட்டியில் இரண்டு முகங்கள் அருகருகே இருந்தன. இடப்பக்க முகம் சிவந்து வீங்கி, கன்னம் முழுக்க நீர்க்கொப்புளங்களோடு இருந்தது. கண்களுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. கீழே ‘முன்பு’ என்று எழுதியிருந்தது. வலப்பக்க முகம் உரித்த முட்டை மாதிரி மழமழவென்று இருந்தது. அதற்குக் கீழே ‘பின்பு’. இடப்பக்க முகத்தில் கீழுதட்டுக்கு அடியில் இரண்டு மச்சங்கள், முக்காற்புள்ளி விழுந்ததுபோல ஒன்றின் கீழ் ஒன்றாக.

மூன்றாம் நாள், வாடகைக்குப் பிடித்த மாடி அறைக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். உதட்டுக்கு அடியில் அதே இரண்டு மச்சங்கள்.

“அக்கா, உங்கள எங்கயோ பாத்திருக்கேனே” என்று வாய் முந்திக்கொண்டது.

“எங்க பாத்தேன்னு முழுசா சொல்லு” என்றாள் அவள்.

கண் அந்த மச்சங்களிலேயே போய் நின்றது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதே கதவு திறந்து, “தம்பி, நீ படிச்சவன்தானே, இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு” என்று அவள் கேட்பதற்கு எட்டு மாதம் பிடித்தது. இங்கே சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு அவள் வாயாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

தெருவில் அவளுக்கு ‘முன்பு அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் எந்த வீடு என்று கேட்டால், “முன்பு அக்கா வீட்டுக்கா? பச்சைக் கதவு” என்று முனைக்கடையில் வழி சொல்வார்கள். அது அவள் காதிலும் விழும். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் ஆறு வருஷமாகப் பழகியிருந்தாள். மறக்கத்தான் பழகவில்லை.

பிறவியிலேயே அவளுக்கு அப்படிப்பட்ட தோல். புதுத்துணி உரசினால் சிவக்கும். சோப்பு மாறினால் தடிக்கும். காற்றுக் கொஞ்சம் வேகமாக வீசினால்கூட யாரோ அறைந்துவிட்டுப் போனதுபோல் கன்னம் சிவந்து நிற்கும். “இது தோலாடி, நனைஞ்ச காகிதமா?” என்று அவள் அம்மா கேட்பாளாம். இப்படியொரு தோலை வைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தது ஓர் அழகு நிலையத்தில்.

மெயின் ரோட்டில் மூன்று நாற்காலியும் நீளக் கண்ணாடியும் உள்ள கடை. முன்னறையில் புருவம் திருத்துவார்கள், முடி வெட்டுவார்கள். பின்னறையில் பெரிய பாத்திரத்தில் க்ரீம் தயாராகும். கடைக்குச் சொந்தக்காரியை எல்லோரும் மேடம் என்றார்கள். அக்காவுக்குப் பின்னறையில் டப்பா நிரப்பும் வேலை. நிரப்புவது என்றால் சும்மா அள்ளிப் போடுவது இல்லை. கரண்டியால் நிரப்பி, மேசைமேல் மூன்று தட்டுத் தட்டி, காற்றுக் குமிழி போனபின் கரண்டி நுனியால் மேலே ஒரு சுழி போட வேண்டும். சுழியை முடிக்கும்போது கரண்டியை வெடுக்கென்று தூக்கினால் ஒரு சின்ன வால் நிற்கும். “மூடியத் திறந்ததும் அந்தச் சுழியப் பாத்துத்தான் பொம்பளைங்க மயங்கணும்” என்பாள் மேடம். மேடத்துக்கு இடக்கைப் பழக்கம். அதனால் அவளுடைய சுழி எல்லோருடைய சுழிக்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, வால் இடப்புறம் முடியும். அவளிடம் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அதுவே கைவாகு ஆகிவிட்டது. நான்கு வருஷம் அக்கா அந்தச் சுழியைப் போட்டாள். தூக்கத்தில்கூட அவள் விரல் அந்தப் பக்கம்தான் சுற்றும் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார்.

அப்புறம் முகம் வெளுக்கும் க்ரீம் ஒன்று தயாரானது. மேடம் ஒரு டப்பாவை அவள் கையில் வைத்தாள். “மூணு ராத்திரி போட்டுப் பாரு. உன் தோலு தாங்கினா ஊரே தாங்கும்” என்றாள். அக்கா போட்டாள். நான்காம் நாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கடைக்கு ஓடினாள். மேடம் பதறவில்லை. வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கமாக அவளை நிறுத்தி, கைப்பேசியை எடுத்தாள்.

“அசையாத. டாக்டர்கிட்ட காட்டத்தான் எடுக்குறேன்.”

அந்த வார்த்தையை அக்கா சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

கொப்புளம் வடிய ஒரு மாதம் ஆனது. திரும்பி வேலைக்குப் போனபோது கடைச்சுவரில் அவள் முகம் சட்டம் போட்டுத் தொங்கியது. ‘முன்பு’. பக்கத்தில் ‘பின்பு’ என்று மேடத்தின் அக்கா மகளுடைய முகம். எந்தக் க்ரீமால் வெந்ததோ அதே க்ரீமால் குணமான முகமாம்.

“மேடம், இது நான்.”

“நீன்னு யாருக்குத் தெரியும்? அதான் கண்ண மறைச்சிருக்கோம்ல.”

“மச்சம் தெரியுதே மேடம்.”

“ஊர்ல ஒனக்கு மட்டுமா மச்சம் இருக்கு?” என்ற மேடம் அதோடு நிறுத்தவில்லை. “பாரு, உன் தோலு ஆகாத தோலு. வர்றவங்க உன் மூஞ்சியப் பாத்தா நம்ம க்ரீம யாரு வாங்குவா? நாளையிலேருந்து வரவேணாம்.”

மூஞ்சி சுவரில் இருக்கலாம், ஆள் கடையில் இருக்கக் கூடாது. அன்றைக்கு அவள் வயிற்றில் பற்றியது அணையவே இல்லை. எங்கே போய் முறையிட்டாலும், “கண்ண மறைச்சிருக்காங்களேம்மா” என்றே அனுப்பிவைத்தார்கள். படம் சுவரிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனது. அங்கிருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுக் காகிதத்துக்குப் போனது.

அவள் வீட்டுக்காரர் பூட்டுப் பழுதுபார்ப்பவர். வாசலிலேயே மேசை போட்டுச் சாவி ராவிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவள் அவரிடம் போய் நின்றாள்.

“ஒரே ஒரு நாள் அந்தக் கடைப் பூட்டத் தொறந்து குடு. அஞ்சே நிமிஷம். படத்தக் கிழிச்சிட்டு வந்துடுறேன்.”

“தொறந்து குடுக்கலாம்” என்றார் அவர், சாவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்புறம் உள்ள போட்டுப் பூட்டுவாங்களே, அந்தப் பூட்டு எனக்குத் தொறக்க வராது.”

அவள் பிஸ்கட் ஃபாக்டரியில் பொட்டலம் கட்டும் வரிசைக்குப் போனாள். சம்பளம் குறைவு. ஆனால் அங்கே எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும், தலைக்கு வலைத்தொப்பி மாட்ட வேண்டும். கண்ணைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. மேடம் மறைத்த இடம் ஒன்றுதான் அங்கே வெளியே தெரியும் என்று அவள் தனக்குள் சொல்லிக் கசப்பாகச் சிரித்துக்கொள்வாள்.

எல்லாவற்றையும் தாங்கினாள். மகள் ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளியில் பெற்றோர் வர வேண்டிய நாள். மகள் புத்தகத்தை அடுக்கிக்கொண்டே, தாயின் முகத்தைப் பார்க்காமல், “நீ வரவேணாம்மா. அப்பா வரட்டும்” என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பள்ளிப் பேருந்து நிற்கிற இடம் எது, அங்கே தட்டியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். அந்தப் படம் இறங்க வேண்டும். சும்மா இறங்கக் கூடாது. மேடத்தின் கையாலேயே இறங்க வேண்டும்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. வழி பிஸ்கட் ஃபாக்டரி அறிவிப்புப் பலகையில் வந்தது. ‘எளிதில் சிவக்கும், எரியும் சருமம் உள்ள பெண்கள் தேவை. இரவு க்ரீம் பரிசோதனை. நான்கு வாரம்.’ கூட வேலை செய்கிறவள் முழங்கையால் இடித்தாள்.

“உனக்குன்னே போட்ட மாதிரி இருக்குடி.”

“ஆகாத தோலுக்கும் ஆள் தேடுறாங்க பாரு” என்றாள் அக்கா.

சோதனைக்கூடம் இரண்டாம் மாடியில் இருந்தது. தோல் டாக்டரம்மா ஒருத்தி நடத்தினாள். வெள்ளைச் சுவர், குளிர்ந்த அறை, தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, எதிரே கேமரா. அக்காவையும் சேர்த்து முப்பது பெண்கள். டாக்டரம்மா பள்ளி ஆசிரியை மாதிரி விதிகளைச் சொன்னாள். ஆளுக்கு இரண்டு டப்பா. சிவப்பு மூடி இடக்கன்னத்துக்கு, அதுதான் சோதிக்க வந்த க்ரீம். நீல மூடி வலக்கன்னத்துக்கு, அது மருந்தில்லாத வெறும் க்ரீம். தினமும் படுக்கப்போகும் முன் முகம் கழுவி, கன்னத்துக்கு ஒரு பட்டாணி அளவு. காலையில் எரிச்சல், அரிப்பு, சிவப்பு மூன்றுக்கும் சுழியம் முதல் ஐந்து வரை டயரியில் எண் போட வேண்டும். யாருடைய க்ரீம் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். டப்பாவில் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். அக்காவின் எண் பதினேழு.

“படம் எடுப்பீங்களா டாக்டர்?”

“வாரா வாரம் எடுப்போம். கண்ணுக்குக் கீழேருந்து மேலுதடு வரைக்கும்தான். அத அன்னன்னிக்கே கம்பெனிக்கு அனுப்பிடுவோம், நம்பரோட. ஆள் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது.”

உதட்டுக்குக் கீழே வராது என்றதும் அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று வீட்டில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு சிவப்பு மூடியைத் திருகினாள். உள்ளே க்ரீமின் மேல் ஒரு சுழி. எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து, இடப்புறம் சின்னதாக ஒரு வால். அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீல மூடியைத் திறந்து பார்த்தாள். அது பூச்சுவேலைபோல வழித்து மட்டமாக இருந்தது. மறுபடி சிவப்பைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

“அவ வந்துட்டா” என்றாள்.

“யாரு?” வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வாசல்ல இல்ல. டப்பாவுக்குள்ள.”

விஷயம் புரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நாளைக்கே திருப்பிக் குடுத்துடு.” அவள் அவரை ஏதோ வெளியாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஏன் குடுக்கணும்? போன தடவ என்னை எரிச்சப்போ படம் எடுத்தது அவ. இந்தத் தடவ எரிஞ்சா எடுக்கப்போறது டாக்டர். மெஷின் வச்சு அளந்து, தேதி போட்டு எழுதப்போறாங்க. எரியட்டும். நல்லா எரியட்டும்.”

“மூஞ்சி உன்னோடதுடி.”

“அதையே அவகிட்ட சொல்லிப் பாத்தேன். அவ கேக்கல.”

பட்டாணி அளவு என்றாள் டாக்டரம்மா. பட்டாணிக்கெல்லாம் எரிந்து எப்போது கொப்புளிப்பது என்று அக்கா இரண்டு விரலால் வழித்து, நெல்லிக்காய் அளவுக்கு இடக்கன்னத்தில் அப்பினாள். அப்பிவிட்டு, தலையணையில் படாமல் மல்லாந்து படுத்து எரிச்சலுக்காகக் காத்திருந்தாள். எரியவில்லை. மேடத்தின் பாத்திரத்துக் க்ரீம் என்றால் முதல் நாளே பிடிக்காது, மூன்றாம் நாள்தானே பிடித்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலையில் டயரியை எடுத்து எரிச்சல் என்ற கட்டத்தில் நான்கு போட்டாள். பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே எழுதிவைக்கிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

மூன்றாம் நாளும் எரியவில்லை. ஐந்தாம் நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அப்பினாள். காலையும் ஒரு தடவை பூசினாள். டயரியில் ஐந்து போட்டாள். மேடத்தின் முகத்தில் கரி பூசுகிற கையோடு தன் கன்னத்தில் க்ரீமைப் பூசினாள்.

பத்தாம் நாள் பிஸ்கட் ஃபாக்டரியில் முகக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும்போது கூட வேலை செய்கிறவள் உற்றுப் பார்த்தாள்.

“என்னடி, ஒரு பக்கம் மட்டும் சின்னப்பொண்ணு மாதிரி இருக்க?”

அக்கா கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு ஓடினாள். வலக்கன்னம் எப்போதும்போல் சிவந்து, திட்டுத்திட்டாகத் தோலுரிந்து இருந்தது. இடக்கன்னம் அடங்கியிருந்தது. சிவப்பு இல்லை, சொரசொரப்பு இல்லை. விரலை வைத்தால் வழுக்கியது. நாற்பது வருஷத்தில் அவள் அப்படி ஒரு கன்னத்தைத் தன் முகத்தில் பார்த்ததே இல்லை. வேறு யாராவது என்றால் ஆனந்தப்பட்டிருப்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். கெடுத்ததும் மேடம், கொடுத்ததும் மேடமா? இந்த அவமானத்துக்கு அந்தக் கொப்புளமே தேவலாம் என்று இருந்தது.

ஆனாலும் மறுநாள் டயரியில் ஐந்துதான் போட்டாள்.

இரண்டாம் வாரம் முடிந்து போனபோது படம் எடுத்து முடித்ததும் டாக்டரம்மா டப்பாக்களைக் கேட்டு வாங்கினாள். நகைக்கடைத் தராசுபோல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு இருந்தது. டப்பாவை எடை போடுவார்கள் என்று அக்கா நினைக்கவே இல்லை. நீல மூடியை எடைபோட்டுத் தள்ளிவைத்தாள். சிவப்பை எடைபோட்டாள், திறந்து பார்த்தாள், பிறகு டயரியைப் புரட்டினாள்.

“மத்தவங்க டப்பாவுல பாதிக்கு மேல இருக்கு. உங்களோடதுல அடி தெரியுது.”

டாக்டரம்மா டயரியில் விரலை வைத்தாள்.

“எரிச்சல் நாலு, அஞ்சு, அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. எரியுற க்ரீம யாராவது நாலு மடங்கு பூசுவாங்களா?”

அதற்குமேல் மறைக்க அவளால் முடியவில்லை. சுழியில் தொடங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம்வரை சொல்லி முடித்தாள். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரோடதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா டப்பாவ வாங்கிட்டிருப்பீங்க.”

“ஆமா, வாங்கியிருப்பேன். இப்பவும் வாங்கத்தான் போறேன். உங்க நம்பர ஆய்வுல சேக்க முடியாது.” டயரியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். “அந்தப் பழைய க்ரீம் வேற, இது வேற. அதுல போட்ட சரக்கு எதுவும் இதுல இல்ல.”

“சரக்கு மாறும் டாக்டர். ஆளு மாறாது.”

டாக்டரம்மா எழுந்தாள். கதவுவரை வந்து, “இடது கன்னம் நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அதுவும் அக்காவுக்குக் குத்தலாகவே பட்டது.

ஆக, எரிக்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். மேடத்தின் க்ரீம் மீதி இருபத்தொன்பது பேரின் கன்னத்திலும் நன்றாகவே வேலை செய்தது. நான்கு வாரம் முடிந்தது. பேருந்து நிறுத்தத்தில் ‘முன்பு’ அப்படியே இருந்தது.

பிறகு ஒருநாள் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் தபாலில் வந்தது. அப்போதுதான் அந்தப் பச்சைக் கதவு திறந்து, மாடிக்குக் குரல் வந்தது. காகிதத்தில் இருந்தது இதுதான்: பதினேழாம் எண்ணின் படம் கம்பெனிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரே முகத்தில் பாதி சிவப்பு, பாதி தெளிவு. இப்படி ஒரு படம் வேறு யாரிடமும் அமையவில்லை. எண்ணிக்கையில் சேராவிட்டாலும் பரவாயில்லை, விளம்பரத்துக்கு முழுமுகத்தையும் படம் எடுக்க விரும்புகிறார்கள். சம்மதமானால் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாமல் படத்தை எங்கேயும் பயன்படுத்தக் கூடாது.

“கடைசி வரிய இன்னொரு தடவ படி.”

படித்துக் காட்டப்பட்டது.

“அப்போ நான் போடலேன்னா அவளால ஒண்ணும் பண்ண முடியாது?”

“முடியாதுக்கா.”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் நிற்கவே இல்லை. நெல்லிக்காய் நெல்லிக்காயாக அப்பியதால்தான் முப்பது பேரில் தன் கன்னம் மட்டும் அவ்வளவு தெளிந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கெடுப்பதற்குப் பூசியது மேடத்தின் கண்ணைப் பறித்துவிட்டது. உடனே சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தாள். “யோசிக்கிறேன்னு சொல்லுங்க. வேணும்னா அவங்களே என் வீட்டுக்கு வந்து கேக்கட்டும்.”

மேடம் வந்தாள். பழக்கூடையோடும் தோல் கைப்பையோடும், அந்த ஒடுங்கிய வாசலில் சாவி மேசையைச் சுற்றி வழி கண்டுபிடித்து வந்தாள். அக்கா வேலையிலிருந்து வந்த கோலத்தில், முகக்கவசமும் வலைத்தொப்பியுமாக இருந்தாள். “சளி புடிச்சிருக்கு மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று இரண்டு தடவை இருமிக்கொண்டாள். நான்கு வருஷம் அவள் பேசியதை மேடம் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே கண்டுபிடிக்க.

“உங்க முகம் எங்க க்ரீமுக்குக் கடவுள் குடுத்த வரம்மா” என்றாள் மேடம். “மெயின் ரோட்டுல பெரிய போர்டுக்கு இடம் புடிச்சாச்சு. பாதி முகம் சிவப்பு, பாதி முகம் தங்கம். பாக்கறவங்க அசந்துடுவாங்க.”

“அங்க ஏற்கனவே ஒரு படம் இருக்கே மேடம். முன்பு, பின்புன்னு.”

“ஐயோ, அது பழசு. கண்றாவி. அந்த முன்பு யாரோ எங்ககிட்ட வேலைக்கு இருந்த பொண்ணு.”

சாவி ராவும் சத்தம் சட்டென்று நின்றது. அக்கா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடி ராவத் தொடங்கினார்.

“என் படம் மாட்டுற ஊர்ல அந்தப் படம் இருக்கக் கூடாது மேடம். எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மொதல்ல அதெல்லாத்தையும் எறக்குங்க. பஸ் ஸ்டாப்பு, டப்பாவுல வைக்கிற காகிதம், கடைச்சுவரு. எல்லாம் போனப்புறம் வாங்க, பேசுவோம். கடைச்சுவருல இருக்கறத மட்டும் நீங்களே உங்க கையால எறக்கணும், நான் பாக்கணும்.”

மேடம் சிரித்தாள். பெரிய போர்டில் வரப்போகிறவளுக்கு இந்த அளவு பிகு இருக்கத்தான் செய்யும் என்று நினைத்திருப்பாள். “அதுக்கென்ன, தூக்கிட்டாப் போச்சு” என்றாள்.

இரண்டு வாரம் அக்கா தினமும் வேலை முடிந்து சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தாள். பள்ளி எதிரே தட்டி காலியானது. சந்தை முனையில் காலியானது. புது டப்பா ஒன்றைத் தெரிந்தவளிடம் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள், உள்ளே காகிதம் இல்லை. கடைசியாக மேடம் போன் செய்தாள்.

கடை மாறியிருந்தது. மூன்று நாற்காலி எட்டு ஆகியிருந்தது. சுவர் அதேதான், சட்டமும் அதேதான். வேலைக்காரப் பெண்களும் வாடிக்கையாளர்களும் வேடிக்கை பார்க்க, மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் ஏறினாள். ஆணி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒட்டடை அவள் தலையில் விழுந்தது. இறங்கிச் சட்டத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

“இப்ப திருப்திதானே? போடுங்கம்மா.”

அக்கா முகக்கவசத்தைக் கழற்றினாள்.

மேடம் முதலில் இடக்கன்னத்தைப் பார்த்தாள், ஆசையாக. பிறகு வலக்கன்னத்தைப் பார்த்தாள். பிறகு உதட்டுக்கு அடியில் பார்த்தாள். மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள்.

“நீ… நீ வந்து…”

“பேரு ஞாபகம் வரலையா மேடம்? பரவால்ல. ஊர்ல எனக்கு இப்ப இருக்கற பேர வச்சதே நீங்கதான்.” பேனாவை மூடி அவள் கையிலேயே வைத்தாள். “நான் போட மாட்டேன்.”

“ஏமாத்திட்ட.”

“ஆமா மேடம். டாக்டர்கிட்ட காட்டத்தான்னு சொல்லிப் படம் எடுத்தவங்ககிட்ட கத்துக்கிட்டது.”

“இப்பவே அதத் திரும்ப மாட்டுறேன் பாரு.”

“மாட்டுங்க. அதுக்குக் கீழ நானும் தினம் வந்து நிக்கிறேன், மாஸ்க் போடாம. ஆறு வருஷம் முன்னாடியே உங்க க்ரீமால வெந்துபோன மூஞ்சி இதுதான்னு வர்றவங்க எல்லாருக்கும் காட்டுறேன். ரெண்டு மச்சத்தையும் எண்ணிப் பாத்துக்கட்டும்.”

எட்டு நாற்காலியிலும் இருந்த தலைகள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. பாதி வெட்டிய முடியோடு ஒருத்தி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் சட்டத்தை எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அக்கா சட்டத்தின் பின்பக்க அட்டையைப் பிரித்து, படத்தை உருவி, அங்கிருந்த கத்தரிக்கோலாலேயே நடுவில் வெட்டினாள். ‘முன்பு’ பாதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ‘பின்பு’ பாதியை மேசைமேல் வைத்தாள்.

“இது உங்க அக்கா பொண்ணு. இது உங்களுக்கு.”

அன்று வீட்டுக்கு வந்து அடுப்பில் அந்தப் பாதியைக் கொளுத்தினாள். வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, “இப்பவாவது ஆறுச்சா?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றாள். மூன்று மாதம் மெயின் ரோட்டுப் பெரிய போர்டு எதுவும் ஒட்டாமல் வெள்ளையாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேலை இல்லாமலேயே அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள்.

மேடத்தின் தொழில் படுத்துவிடவில்லை. அந்த இரவு க்ரீம் நன்றாக விற்கிறது. போர்டில் இப்போது ஒரு பூவின் படம் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் அக்காவை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை கேட்டுப்பார்த்தாள், டாக்டரம்மா மறுத்துவிட்டாள். முனைக்கடையில் இன்னும் ‘முன்பு அக்கா’ என்றுதான் வழி சொல்கிறார்கள். எதனால் அந்தப் பெயர் என்று புதிதாக வந்த கடைப்பையனுக்குத் தெரியாது. போன மாதம் மகள் பள்ளிச் சீட்டை நீட்டி, “அப்பாவுக்கு வேலை இருந்தா நீ வா” என்றாள். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அக்காதான் போனாள்.

அவள் அதே பிஸ்கட் ஃபாக்டரியில், இரண்டாம் வரிசையில் வேலை செய்கிறாள். முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. மேடத்தின் இரவு க்ரீமை மூன்று தெரு தள்ளியுள்ள மருந்துக்கடையில் வாங்குகிறாள். டப்பாவைத் திறந்ததும் முதலில் அந்தச் சுழியை விரலால் அழித்துவிட்டு, பிறகு பட்டாணி அளவு எடுத்துப் பூசிக்கொள்கிறாள்.